கூப்பிடுற பாட்டு

வாங்க தம்பி, வாங்க. மாடி போர்ஷன் பாக்கத்தானே? செருப்பை அங்கயே விட்டுருங்க. உக்காருங்க. அட, உக்காருங்கன்னா! வீடு எங்க ஓடிப் போகுது? கேட்டைத் திறந்துட்டு அவ்வளவு நேரமா அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னீங்களே, நான் ஜன்னல்ல இருந்து கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன். வாய் வேற என்னமோ அசைஞ்சுச்சு. சன்ஷேடுல விரிசல் இருக்கான்னு எண்ணுனீங்களாக்கும். நல்லது. வீடு பாக்க வர்றவன் அப்படித்தான் பாக்கணும்.

மேல போலாம், அவசரப்படாதீங்க. இப்போ என் வீட்டுக்காரி மேல இருக்கா. இந்த உச்சி வெயில்ல மொட்டை மாடியில நடப்பா. செருப்பு போடாம. கேட்டா, சுடலைங்கிறா. கொஞ்ச நேரத்துல ரூமுக்குள்ள போயிருவா, அப்புறம் போய்ப் பாக்கலாம். உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் மாடிப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு, போன் பண்றோம் சார்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தனும் பண்ணலை. இந்தக் காலத்து ஆளுகளுக்கு வாக்குச் சுத்தமே கிடையாது.

வாடகைக்கு ஆசைப்பட்டு விடலை தம்பி. எனக்கு பென்ஷன் வருது. மேல ஆளு குடி வந்துட்டா அவ கீழ இறங்கித்தானே ஆகணும்? அதுக்குத்தான். ரெண்டு மாசமா அவ கீழ இறங்கலை. சோறு கூட நான்தான் மேல கொண்டுபோய் வைக்கிறேன். அவ இறங்கி வந்து, முன்ன மாதிரி, "ஏங்க, காப்பி ஆறுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும். வேற எதுவும் வேண்டாம்.

நான் யாருன்னு தெரியுதா உங்களுக்கு? பேரு தனுஷ்கோடி. பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன். டிக்கெட் எடுக்காம ஏறின பயலை அவன் நிக்கிற நிலையை வச்சே கண்டுபிடிச்சுருவேன். ஆனா நான் கேக்குறது அது இல்லை. போன்ல பாட்டுக் கேப்பீங்களா? உடைமரத்தம்மா பாட்டுன்னு ஒண்ணு சுத்துச்சே, கண்ணாடி போட்ட ஆளு, கழுத்துல சிவப்புத் துண்டு, பின்னால பச்சைப் போர்வை? பாத்தீங்களா! நான்தான் அது. அதைப் பாடி எடுத்தது இந்த மாடி ரூம்லதான். நீங்க குடியிருக்கப் போறது அப்பேர்ப்பட்ட ரூமு.

ரிட்டயர் ஆனதுல இருந்து எனக்குக் கரோக்கிப் பைத்தியம். சினிமாப் பாட்டா பாடிப் பாடிப் போட்டேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. போட்டதையெல்லாம் கனி ஒருத்திதான் கேப்பா. சண்முகக்கனி, அதான் என் வீட்டுக்காரி. காய் நறுக்கிக்கிட்டே கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்குங்க"ன்னு சொல்லுவா. அந்த 'தான்' எனக்குப் பிடிக்காது. ஒருத்தி கேட்டாப் போதுமா ஒரு கலைஞனுக்கு? நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் அவ பிறந்த ஊருக்குக் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். ஒட்டப்பிடாரம் பக்கம் ஒரு காட்டூரு. உடைமரத்தம்மான்னு அவங்க வீட்டுச் சாமி. கோயில்னு பெருசா ஒண்ணும் கிடையாது, முள்ளுமரத்தடியில ஒரு கல்லு. என் மச்சினன் கொம்பையாதான் உடுக்கை அடிச்சுப் பாடுவான். கனிக்கு நேர் தம்பி. அந்த வீட்டு ஆம்பிளைதான் பாடணும், அந்த வீட்டுப் பொம்பளை மேலதான் சாமி வரும். அப்படி ஒரு வழக்கம். அவன் பாடினான் பாருங்க...

*ஓடை மணல் சுடுதுன்னு ஒதுங்கி நின்னவளே,
உடைமரத்து முள்ளொதுக்கி ஓடி வா என் தாயே!*

கேட்டீங்களா? இந்த வயசுலயும் சுதி நிக்குது பாருங்க. இல்ல, இல்ல, முழுசாப் பாட மாட்டேன். மேல கேட்ரும்.

எனக்கு அப்பவே புல்லரிச்சுப் போச்சு. இதுதான்டா நம்ம பாட்டுன்னு தோணிருச்சு. ஓரமா நின்னு போன்ல பதிஞ்சுக்கிட்டேன். பாட்டுல ரெண்டு பாதி. முதல் பாதி சாமியைக் கூப்பிடுறது. தடதடன்னு போகும், கேக்குறவனுக்குக் காலு நிக்காது. அப்புறம் சாமி வரும். யாரு வந்திருக்கிறதுன்னு கேப்பாங்க. வீட்டுக் குறையைச் சொல்லுவாங்க, அது வாக்குச் சொல்லும். கடைசியா மலையேத்துறதுக்கு ஒரு பாட்டு. வந்த வேலை முடிஞ்சுது, போயிட்டு வா தாயேன்னு, கையில சூடத்தை ஏத்தி வச்சு அனுப்புறது. அது இழுவைப் பாட்டு. ஒப்பாரி மாதிரி அழுதுக்கிட்டே போகும். அதை எவன் உக்காந்து கேப்பான்? அதை நான் பதியவே இல்லை.

நான் வீட்டுல பாடி எடுக்கப் போறேன்னு கேள்விப்பட்டதும் கொம்பையா பஸ் ஏறி வந்துட்டான். நீங்க உக்காந்திருக்கிற அதே சேர்லதான் உக்காந்தான். "அத்தான், பாடாதீங்கன்னு சொல்லலை. பாடினா ஏத்துற பாட்டையும் பாடி முடிச்சுருங்க. நான் வேணா சொல்லித் தர்றேன். கூப்பிட்டுட்டு அப்படியே விட்டா அது எங்க போகும்?"னான். நான் சொன்னேன், "மாப்ள, இப்ப எவனும் நாலு நிமிஷத்துக்கு மேல பாக்குறதில்லை. உன் சாமிக்கு வழி தெரியாதா, வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிரட்டும்"னேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கலை. காப்பியைத் தொடாமலே எந்திரிச்சுப் போனான். அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

உள்ளூரப் பொறாமை தம்பி. அவன் வீட்டுப் பாட்டை நான் பாடி நாலு பேரு கேட்டுருவாங்களேன்னு பொறாமை. வேற என்ன?

மேல ரூமை ஸ்டூடியோவா மாத்தினேன். சுவத்துல மெத்தையைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மைக்கை வச்சு, பேனை நிறுத்தி, கதவைச் சாத்திட்டேன். இருந்தும் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் விழும், காக்கா கத்தும். ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். குலவை போட ஒரு ஆளு வேணும்ல? கனியைத்தான் பக்கத்துல உக்கார வச்சேன். "எனக்கு வேண்டாங்க, ஒரு மாதிரியா இருக்கு"ன்னா. கொடையில அவ மேலதானே வரும், அந்த நினைப்பு. "இது கோயில் இல்லடி, ரெக்கார்டிங்"னு அதட்டி உக்கார வச்சேன்.

எத்தனை தடவை பாடினேன்னு எனக்கே தெரியாது. காலையில ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும். ஓடி வா என் தாயே, ஓடி வா என் தாயே. சரியில்லை, அழி, முதல்ல இருந்து. ஓடி வா என் தாயே. ரெண்டு நாள் போச்சு. மூணாம் நாள் ஒரு டேக் பிரமாதமாப் போய்க்கிட்டிருக்கு, இவ உக்காந்த இடத்துல லேசா ஆடுறா. நாற்காலி கிரீச் கிரீச்சுன்னு மைக்குல விழுது. "ஏய், ஆடாத!"ன்னு கத்தினேன். அவ நிக்கலை. கொண்டை அவுந்து முடி முன்னால விழுந்து கிடக்கு. அந்த முடிக்குள்ள இருந்து கேக்குறா, "எதுக்குடா கூப்பிட்ட?"

என்னைத் தம்பி! கட்டின புருஷனை, 'டா' போட்டு!

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கியே, என்ன வேணும்?"னு அடுத்த கேள்வி. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இத்தனை நல்லா வந்த டேக்கைக் கெடுத்துட்டாளே! வெக்கைல அவளுக்குச் சலிச்சுப் போயி என்னை நக்கல் அடிக்கிறான்னு நினைச்சேன். "ம், ஊரு பூரா என் பாட்டைக் கேக்கணும், அதான் வேணும். பேசாம குலவையைப் போடு"ன்னேன். அவ தலையை நிமித்தி என்னைப் பாத்தா. "ஆச்சு"ன்னா. அவ்வளவுதான். அடுத்த டேக்குல குலவை போட்டா பாருங்க, மெத்தையெல்லாம் அதிருது. ஒரே டேக்குல முடிஞ்சுது.

அதைப் போட்டதும் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். டீக்கடையில என் பாட்டு, ஆட்டோவுல என் பாட்டு, கல்யாண வீட்டுல என் பாட்டு. துபாய்ல இருந்தெல்லாம் கமெண்ட் போட்டான். அத்தனையும் என் குரலுக்குத்தான் தம்பி. சிலபேரு, பின்னால குலவை போடுற அம்மா யாரு, கேட்டுட்டுப் பிள்ளை தூக்கத்துல அலறுதுன்னு எழுதியிருந்தான். வேலையத்த பயலுக. அதையெல்லாம் அழிச்சுட்டேன்.

கனி அன்னைக்கு அந்த ரூம்ல இருந்து இறங்கலை. மறுநாளும் இறங்கலை. அசதியா இருக்கும்னு விட்டேன். பெறகு பாத்தா உப்புப் போட்ட சோத்தைத் தொட மாட்டேங்கிறா. பக்கத்து வீட்டு வேப்பமரம் நம்ம மாடிக்குச் சாய்ஞ்சிருக்குல்ல, அந்தக் கொழுந்தை ஒடிச்சு முறுக்கு திங்கிற மாதிரி மென்னுக்கிட்டிருக்கா. டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். இந்த வயசுல பொம்பளைகளுக்கு மனசு கொஞ்சம் இப்படி அப்படி இருக்கும்னு சொல்லி மாத்திரை எழுதினாரு. படிச்ச மனுஷன் சொல்லிட்டாருல்ல? அப்புறம் என்ன?

இதுக்கு நடுவுல கொம்பையா போன் மேல போன். "அத்தான், அக்கா எப்படியிருக்கா? சாப்பிடுறாளா? கண்ணைச் சிமிட்டுறாளா?" ஒரு மனுஷன் கேக்குற கேள்வியா இது? "அந்த வீடியோவைத் தூக்குங்க அத்தான். ஊரு பூரா அதைப் போட்டுப் போட்டு அவளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். நான் வந்து ஏத்தி விடுறேன், என்னை மட்டும் வாசல்படி ஏற விடுங்க"ன்னு அழுதான். ஏத்துற பாட்டு அந்த வீட்டுல இப்போ அவனுக்கு மட்டும்தான் தெரியுமாம். பாத்தீங்களா திமிரை? நான் பேரெடுத்ததும் தூக்குன்னு சொல்றான். முடியாதுடான்னு போனை வச்சேன்.

அப்புறம் வாட்ஸப்புல குரல் பதிஞ்சு அனுப்ப ஆரம்பிச்சான். ஒண்ணைத் தட்டினேன். எடுத்த எடுப்பிலேயே உடுக்கைச் சத்தம். ஓகோ, நமக்குப் போட்டியா அவன் பாடி அனுப்புறானாக்கும்னு அந்த இடத்துலயே நிறுத்திட்டேன். அனுப்பினது அத்தனையும் நீளமான நீளம். எல்லாத்தையும் அழிச்சுட்டு, அவன் நம்பரையும் பிளாக் பண்ணினேன். நான் செஞ்சது தப்பா? யாரு பாட்டுக்கு வரவேற்புன்னு உலகத்துக்கே தெரியும்போது, இவன் எனக்குப் பாடிக் காட்டணுமா?

அந்தக் கோவத்தோடதான் அவளுக்குச் சோறு கொண்டு போனேன். சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கா. தட்டை வச்சதும், "இன்னும் என்ன வேணும்?"னா. எனக்கு இருந்த எரிச்சல்ல, "உன் தம்பி வாயை அடைச்சாப் போதும்டி தாயே"ன்னு சொல்லிட்டேன். வீட்டுல சண்டை வந்தா யாரும் சொல்றதுதானே இது?

"ஆச்சு"ன்னா.

சாயங்காலமே தகவல் வந்துச்சு. கொம்பையா தோட்டத்துல விழுந்துட்டான், வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு, பேச்சு நின்னுருச்சு. ஸ்ட்ரோக் தம்பி. அவனுக்குச் சுகர் உண்டு, சொன்னாக் கேக்காம ஜீனிக் காப்பியா குடிப்பான். சுகர் இருக்கிறவனுக்கு வர்றதுதான் அது. அதுக்கும் நான் சொன்னதுக்கும் முடிச்சுப் போடுறவன் முட்டாள். நான் போடலை.

ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பாத்ததும் அவன் கண்ணு பெருசாச்சு. வலது கை விழுந்து போச்சு, இடது கையை நீட்டி என் சட்டைப் பையைக் காட்டுறான். போனைக் காட்டுறான். அப்புறம் கட்டில் கம்பியில விரலால டொக்கு டொக்குன்னு தட்டுறான். திரும்பப் போனைக் காட்டுறான். ஒரே தாளம், நிறுத்தாமத் தட்டுறான். எனக்குப் புரிஞ்சு போச்சு. பாட்டுக் கேக்கணுமாம், பாவம். என் வீடியோவை எடுத்து அவன் காதுகிட்ட வச்சு முழுசாப் போட்டுக் காட்டினேன். கண்ணுல இருந்து தாரை தாரையா ஊத்துது. தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி ரசிக்கிறான். அதுவரைக்கும் இருந்த கோவமெல்லாம் எனக்குப் போச்சு தம்பி. என்ன இருந்தாலும் கலைஞன்ல, மனசு இளகிருச்சு. இன்னொரு தடவை போட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, வாசல்ல வரும்போதே மேல குலவைச் சத்தம்.

இல்ல, பயமெல்லாம் எனக்குக் கிடையாது. அவ கேக்கும்போது மட்டும் நான் வாயைத் திறக்கிறதில்லை. தட்டை வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம இறங்கிருவேன். தினமும் கேக்குறா. என்ன வேணும், என்ன வேணும், என்ன வேணும். ஒரு நாள் படியில உக்காந்து யோசிச்சேன். எனக்கு என் கனி வேணும்னு கேட்டுப் பாப்போமான்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்படிக் கேட்டா, மேல இருக்கிறது கனி இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? கொம்பையா சொன்னது சரின்னு ஆயிராதா? அவ கனிதான் தம்பி. காதோரத்துல அந்த மச்சம் இருக்கு, நான் பாத்தேன். கண்ணு மட்டும் சிமிட்ட மாட்டேங்கிறா.

வீடு எனக்குச் சத்தமே இல்லாம இருக்கு தம்பி. அவ இருந்தா ஒரு டம்ளரை வச்சாக் கூடச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே எத்தனை தடவை திட்டியிருக்கேன், மைக்குல விழுதுன்னு. இப்ப நானே டம்ளரை நங்குன்னு வச்சுப் பாக்குறேன்.

சரி, வாங்க, அவ உள்ள போயிருப்பா. ரூமைப் பாத்துட்டு... என்ன தம்பி, எந்திரிக்க மாட்டேங்கிறீங்க? ஏன் இப்படி வேர்க்குது? பேனைக் கூட்டி வைக்கவா?

என்ன கேட்டா? யாரு? மேல இருந்தா?

கேட்டு வாசல்ல நின்னப்பவா. அதுதான் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னீங்களா. மொட்டை மாடிச் சுவத்துல சாஞ்சு எட்டிப் பாத்தாளா. என்ன வேணும்னு கேட்டாளா.

வீட்டுக்கார அம்மா சும்மா கேக்குறாங்கன்னு நினைச்சீங்க. சரி. யாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நீங்க என்ன பதில் சொன்னீங்க? சொல்லுங்க தம்பி, கோவிச்சுக்க மாட்டேன்.

வீடு வேணும்னீங்களா.

மாடின்னு சொல்லலையா? மேல் போர்ஷன், வாடகைக்குன்னு? வெறுமனே, "வீடு வேணும்மா"ன்னு மட்டுமா? அவ என்ன சொன்னா? தலையை ஆட்டாதீங்க தம்பி, வாயைத் திறந்து சொல்லுங்க.

"ஆச்சு"ன்னாளா.

இருங்க, இருங்க. பதறாதீங்க. நான் பதறலை, பாருங்க. அது எப்படி ஆகும்? இந்த வீடு என் பேர்ல இருக்கு. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, விக்கிற எண்ணமும் கிடையாது. நான் இருக்கிற வரைக்கும் இது எப்படி இன்னொருத்தருக்கு...

நான் இருக்கிற வரைக்கும்.

தம்பி, அந்தத் தண்ணியை இப்படிக் குடுங்க. கொம்பையா கட்டில் கம்பியில தட்டினான்ல, அந்தத் தாளம்... அது கூப்பிடுற பாட்டுத் தாளம் இல்லை. இழுத்து இழுத்துத் தட்டினான். அந்த மெசேஜ்ல கேட்டதும் அந்தத் தட்டுதான். ஐயோ, நான் பாட்டுக்கு எல்லாத்தையும் அழிச்சுட்டு உக்காந்திருக்கேனே! பாவி மனுஷன், அவளை அனுப்புறதுக்குன்னு அவன் பாடி அனுப்பினதை, ஒண்ணு விடாம அழிச்சுட்டேனே!

உங்களுக்குக் கேக்குதா? படியில. கால் சத்தம். ரெண்டு மாசமா இறங்காதவ இறங்குறா. இறங்கணும் இறங்கணும்னு நான்தானே வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

கனி! ஏய், கனி! அங்கயே நில்லு. நான் மேல வர்றேன்.

நிக்கலை. கனின்னு கூப்பிட்டா நிக்க மாட்டா.

தாயே... அம்மா, உடைமரத்தம்மா, தெரியாமக் கூப்பிட்டுட்டேன்.

நின்னுட்டா. பாத்தீங்களா, நின்னுட்டா. தம்பி, நீங்க எங்க போறீங்க? போகாதீங்க, என் கையைப் பிடிச்சுக்கோங்க, விட்டுறாதீங்க. அவ இப்ப என்ன வேணும்னு கேப்பா. இந்தத் தடவை நான் சரியாக் கேக்கணும்.